அவர் கடலில் இல்லாத வருடங்கள்

தொண்ணூற்றேழில் காமயகவுண்டன்பட்டிக்கு மருமகளாக வந்தேன். ஊரில் என்னைக் 'கப்பல்காரன் பொண்டாட்டி' என்றுதான் சொல்வார்கள். மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம். அந்த வீட்டில் விவசாயத்தை விட்டு வெளியே போனவர் என் கணவர் மட்டும்தான். தூத்துக்குடியில் பயிற்சி முடித்து, சரக்குக் கப்பலில் சேர்ந்திருந்தார். அதிகாரி வேலை இல்லை. டெக்கில் கயிறு கட்டுவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, முறை வரும்போது சுக்கான் பிடிப்பது, மேலே நின்று தூரத்தில் விளக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது. இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது, 'மாப்பிள்ளை கப்பல் ஓட்டுறார்' என்றே எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

கல்யாணமான முதல் லீவில் நிறையப் பேசினார். நான் பிளஸ் டூ வரை படித்தவள். கடலைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அவர் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கன்டெய்னரைப் பற்றிச் சொல்வார். அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து கப்பலில் ஏற்றினார்களாம். ஒரு கப்பல் நிறைய வாரக்கணக்காகும். சரக்கில் கொஞ்சம் வழியிலேயே திருட்டுப் போகும். அமெரிக்காவில் ஒரு லாரி முதலாளி, மூட்டையை எதற்கு இறக்கி ஏற்ற வேண்டும், பெட்டியோடு தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். அதிலிருந்துதான் எல்லாம் மாறியது என்பார்.

"உலகத்துல எந்தப் பெட்டிய எடுத்தாலும் நாலு மூலையிலயும் ஒரே மாதிரி ஓட்டை இருக்கும்த்தா. சிங்கப்பூர் கிரேனும் தூக்கும், தூத்துக்குடி கிரேனும் தூக்கும்."

"அப்ப வேலை சுலபமாயிருச்சுன்னு சொல்லுங்க."

"கம்பெனிக்குச் சுலபம். எங்களுக்கு என்ன? முன்னாடியெல்லாம் கப்பல்காரன் ஒவ்வொரு ஊரா இறங்கிச் சுத்திப் பார்ப்பான். இப்ப காலையில போயி நின்னா, பொழுது சாயக் கெளம்பிருவோம். ஒரு போன் பேசக்கூட நேரம் இருக்காது."

இதை அவர் குறையாகச் சொன்னார். நான் அப்படியே நம்பினேன். அது பொய்யும் இல்லை. அந்த வருடங்களில் அவர் சொன்னது எல்லாமே உண்மைதான். அதனால்தான் பின்னால் சொன்னதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாமல் போனது.

அவர் போன கப்பல் சின்னது. தூத்துக்குடியிலிருந்து பெட்டிகளை ஏற்றிக் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோய்ப் பெரிய கப்பல்களுக்குக் கொடுக்கும். அதன் பெயர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மகள் பிறந்தபோது அவர் அந்தக் கப்பலில் இருந்தார். நிஜமாகவே இருந்தார். குழந்தைக்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்துவிடலாமா என்று மாமனார் கேலி செய்தார்.

போன் வருவது ஊர் முக்கில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு. கடைக்காரர் ஆளனுப்புவார். நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவேன். "இங்கன இருட்டிருச்சு" என்பார். எனக்கு இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடையிலிருந்து அட்லஸ் ஒன்று வாங்கிவந்து அரிசி டின்னுக்கு மேலே வைத்திருந்தேன். அவர் சொல்லும் ஊரைத் தேடிப் பிடித்து விரலை வைத்துப் பார்ப்பேன். மகள் வளர்ந்ததும் அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். 'அப்பா இந்த நீலத்துல இருக்காரு' என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

மகளை முதலாம் வகுப்பில் சேர்த்த சமயத்தில், கப்பலின் வழி மாறிவிட்டதாகச் சொன்னார். இனித் தூத்துக்குடிப் பக்கம் வராது, அரபு நாட்டுப் பக்கம்தான் ஓடும், லீவு வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்றார். அனுப்பும் பணமும் குறைந்தது. கம்பெனி சரியில்லை என்றார். லீவில் வரும்போது வெளிநாட்டுச் சோப்பு, சாக்லேட், சென்ட் பாட்டில் எல்லாம் முன்பு போலவே கொண்டுவந்தார். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். அதையெல்லாம் தூத்துக்குடிக் கடையிலேயே வாங்கலாம் என்று எனக்கு யார் சொல்வது?

அடுத்த வருஷம் மாமனார் இறந்தார். திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த நாட்கள். தோட்டத்திலிருந்து வந்து நெஞ்சு கரிக்கிறது என்றார். கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. என் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் தவித்தோம். தூத்துக்குடியில் ஒரு ஆபீஸ் நம்பர் கொடுத்திருந்தார், அவசரம் என்றால் அங்கே சொன்னால் கப்பலுக்குத் தகவல் போகும் என்று. கொழுந்தன் அந்த நம்பருக்குப் பேசினார். பொழுது விடிந்ததும் பூத்துக்கு போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அப்பாவா?" என்றார். அதன்பிறகு அழுகைதான்.

"வர முடியுமாங்க?"

"கடல் நடுவுல இருக்கேன்த்தா. அடுத்த கரைக்குப் போகவே நாளாகும். தம்பிய வைக்கச் சொல்லு."

மூத்த மகன் இருக்க, இளையவர் கொள்ளிச்சட்டி தூக்கினார். ஊரில் ஒருவர்கூட என் கணவரைக் குறை சொல்லவில்லை. 'பாவம், தண்ணிக்கு நடுவுல கெடந்து என்ன பாடுபடுறானோ' என்று அவருக்காக அழுதார்கள். என் அத்தை, அவருடைய அம்மா, புருஷனுக்காக ஒரு பங்கு அழுதால் மகனுக்காக ஒரு பங்கு அழுதார். நானும்தான்.

மாமனார் போனபிறகு தோட்டத்தைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டார். நான் சின்னமனூர் ரோட்டில் புதிதாக வந்திருந்த வாழைக்காய் பேக்கிங் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்திலிருந்து வரும் தாரைச் சீப்புச் சீப்பாக வெட்டி, தண்ணீர்த் தொட்டியில் கழுவி, தழும்பு இல்லாததாகப் பொறுக்கி, அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். கொஞ்ச நாளில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எல்லாம் வளைகுடா நாடுகளுக்குப் போகிற காய். அதை ஏற்றிப்போகத் தூத்துக்குடியிலிருந்து டிரெய்லரில் குளிர் கன்டெய்னர் வரும். அவர் சொல்லிச் சொல்லிக் கேட்ட பெட்டியை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். மூலையில் அந்த ஓட்டை இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பதிமூன்று டிகிரிக்குக் கீழே போனால் காய் கறுத்துவிடும், மேலே போனால் கப்பலிலேயே பழுத்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். நான் அடுக்கிய காயை அவர் போகும் கப்பல் தூக்கிக்கொண்டு போனாலும் போகும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் ஒவ்வொரு லோடையும் சுத்தமாக ஏற்றுவேன்.

லோடு ஏற்றும்போது, துறைமுகத்தில் சரக்குக் காகிதங்களை முடித்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் கூடவே வருவார். கதவைப் பூட்டி சீல் வைப்பதுவரை இருந்து பார்ப்பது அவர் வேலை. தூத்துக்குடிக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டுக்காரகளும் கப்பல்லதான் இருக்காக" என்றேன்.

"அப்படியாக்கா? எந்தக் கப்பலு?"

பெயரைச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் யோசித்தார்.

"அந்தக் கப்பலுக்கு எங்க ஆபீஸ்தான் ஏஜென்டா இருந்துச்சுக்கா. அத உடைக்கக் கொண்டுபோயி வருஷம் பல ஆச்சே. குஜராத் பக்கம் கரையில ஏத்தி உடைச்சிட்டாங்க."

"இல்ல தம்பி. இப்ப அரபு நாட்டுப் பக்கம் ஓடுது."

"வேற கப்பலுக்கு மாறியிருப்பாருக்கா. பேரு மாத்திச் சொல்லியிருப்பாரு" என்றார் உடனே. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்று தோன்றியது.

எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. கப்பல் மாறியிருக்கும், நாம் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு போன் வந்தது. அதற்குள் வீட்டிலேயே போன் வைத்திருந்தோம். வழக்கம்போல மகள் பேசினாள், அத்தை பேசினார், பிறகு நான் வாங்கினேன்.

"எங்க இருக்கீக?"

"மஸ்கட் தாண்டிட்டோம். காத்து சாஸ்தி. கப்பல் ஆடுது."

"அதே கப்பல்தானா? மாறிட்டீகளா?"

"மாறுறதா? அதே கப்பல்தான். இந்தக் கெழவிய விட்டு எங்க போறது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் தவறிச் சொல்லியிருக்க முடியாது, தான் நிற்கும் கப்பலின் பெயர் அவருக்குத் தெரியாமல் போகாது. போனை வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அடுத்த லோடுக்கு வந்த ஏஜென்ட் ஆபீஸ் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் விசாரித்திருந்தார். "நான் சொல்லக் கூடாதுதான்க்கா. ஆனா நீங்க எங்கூடப் பொறந்த அக்காவா இருந்தா சொல்லாம இருப்பேனா? அவரு தூத்துக்குடியிலதான் இருக்காரு. ஹார்பர் ரோட்டுல காலிப் பெட்டி அடுக்கி வைக்கிற யார்டு ஒண்ணு இருக்கு. அங்க வேலை பாக்காரு. ரொம்ப நாளா பாக்காரு."

கேட்டதும் எனக்கு வந்த முதல் எண்ணம், இன்னொரு குடும்பம். "கூட யாரும் இருக்காகளா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் இல்லக்கா. ஒரு ரூம்ல நாலு பேரோட இருக்காரு."

அதைக் கேட்டு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. இன்னொருத்தி இருந்தாலாவது காரணம் என்று ஒன்று இருக்கும்.

அன்று வீட்டுக்குப் போய்க் கொழுந்தனிடம் மட்டும் சொன்னேன். பந்தலில் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கம்பியை மறுபடி முறுக்கிக் கட்டி முடித்தார். "மதினி, யாரோ என்னமோ சொல்லியிருக்கான். எதுக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றார். அத்தையிடம் கம்பெனி வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். தேனி போய், மதுரை போய், அங்கிருந்து தூத்துக்குடி பஸ். மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி இறங்கிவிட்டோம். வெளிநாடு என்று நினைத்திருந்த இடத்துக்கு, காலையில் கிளம்பி மத்தியானம் வந்துசேர முடிந்தது.

ஆட்டோ ஹார்பர் ரோட்டில் போகும்போது இடதுபக்கம் கடல் வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவை. கொழுந்தன், "மதினி, கடலு" என்றார். நான் தலையைத் திருப்பவில்லை.

யார்டில் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். வாட்ச்மேனிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, தேனிக்காரர் இருக்கிறாரா என்று கேட்டோம். "உள்ள பெட்டி செக் பண்ணுதாரு, நில்லுங்க" என்று ஒரு காலிப் பெட்டியைக் காட்டினார். அதன் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆளை வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்களாம். எங்கேயாவது வெளிச்சம் உள்ளே வந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். வெளியே நின்றவன் கதவைத் திறந்தான். கையில் சாக்கட்டியோடு என் கணவர் வெளியே வந்தார். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். யார் என்று சட்டென்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

"நீங்க எப்படி இங்கன?" என்றார்.

"பஸ்ஸுல வந்தோம்" என்றேன்.

ஓரமாக இருந்த மரப்பலகை அடுக்கில் உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். நாங்கள் எதுவும் கேட்காமலே அவராகச் சொல்ல ஆரம்பித்தார். கப்பலில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் பார்ப்பார்களாம். சர்க்கரை வந்து கண்ணைப் பாதித்திருந்தது. தூரத்தில் வரும் கப்பலின் சிவப்பு விளக்கு எது, பச்சை விளக்கு எது என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அது தெரியாதவனை மேலே நிறுத்த மாட்டார்கள்.

"கண்ணுல தள்ளிட்டாக. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டாச் சரியாயிரும்னு நெனச்சேன். அதுவரைக்கும் இங்கன இருப்போம்னு இருந்தேன். சரியாகல. அதுக்குள்ள அப்பா ஊரெல்லாம் எம் மகன் அரபு நாட்டுப் பக்கம் போறான்னு சொல்லிட்டாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவர் கையில் ஒட்டிய வெள்ளைத் தூளைப் பேன்ட்டில் துடைத்தார்.

"புள்ளைக்கு டைபாய்டு வந்து தேனி ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. நான் தனியாக் கெடந்தேன். அப்ப எங்க இருந்தீக?"

"இங்கனதான்" என்றார்.

கொழுந்தன் கேட்டார். "அண்ணே, அப்பா செத்தப்ப?"

அவர் சாக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "வந்தேன்டா. தகவல் தெரிஞ்சதும் பஸ் ஏறிட்டேன். ஆண்டிபட்டி வரைக்கும் வந்துட்டேன். அங்கன எறங்கி நின்னு போன் போட்டேன். கப்பல்ல இருந்தவன் ஒரே ராத்திரியில எப்படி வந்தேன்னு கேப்பாக. திரும்பிட்டேன்."

கடல் நடுவில் இருக்கிறேன் என்று அழுத போன், ஆண்டிபட்டியிலிருந்து வந்த போன். அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறியிருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கலாம். அதைவிட, ஊர் கேட்கப்போகும் ஒரு கேள்வி அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

கொழுந்தன் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நான் சட்டியத் தூக்கிட்டு, எங்கண்ணன் வர முடியாமப் போச்சேன்னு உனக்காக அழுதுட்டு நடந்தேன்" என்றார். சொல்லிவிட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து அவர் அண்ணனோடு பேசுவதில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் சாப்பிட்டாரா என்று வழக்கம்போலக் கேட்க வாய் வந்தது. அந்தப் பழக்கத்தின் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது. கண் போனதற்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? ஊருக்கு வாங்க, தோட்டத்தைப் பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும், என்னை ஊர்க்காரர்களில் ஒருத்தியாகத்தான் வைத்திருந்தார். வேறு ஒன்றும் கேட்காமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னோம். நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தபடி கேட்டார். நெடுநேரம் அழுதார். மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"ஆத்தா, நடந்தது நடந்துபோச்சு. வெளிய தெரிஞ்சா சிரிப்பாக. அவென் கப்பல்லயே இருக்கான்னு இருக்கட்டும். அவனும் வழக்கம்போல வந்துட்டுப் போகட்டும். புள்ளைக்கும் தெரிய வேணாம்."

என் கணவர் என்னை ஏமாற்றியது ஒரு பக்கம். இனி நானும் சேர்ந்து என் மகளை ஏமாற்ற வேண்டும் என்று அத்தை கேட்டது அதைவிட அதிகமாக வலித்தது. ஆனாலும் உடனே மறுத்துப் பேசத் தெரியவில்லை. சில மாதங்கள் அப்படியே ஓடின. மகள் அட்லஸை எடுத்துவைத்து, "அப்பா இப்ப எங்கம்மா?" என்று கேட்பாள். "தெரியலடா" என்பேன்.

பண்ணைப்புரத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா முறைக்காரர், "கப்பல் எங்கன போயிருக்கு? எப்ப வர்றாக?" என்று கேட்டார். எதிரே அத்தை இருந்தார். மகள் என் மடியை ஒட்டி உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை அந்தப்பக்கம் அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

"அவுக கப்பல்ல இல்ல பெரியம்மா. தூத்துக்குடியில இருக்காக. காலிப் பெட்டி செக் பண்ற வேலை. கப்பலை விட்டு எறங்கி வருஷக்கணக்காச்சு."

அத்தை எழுந்து போய்விட்டார். பக்கத்து இலைக்காரர்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். மகள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, "அப்ப நான் பள்ளிக்கூடத்துல சொன்னதெல்லாம் பொய்யாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றும் அதற்குப் பிறகு நெடுநாளும் அவளுடைய கோபம் என்மேல்தான் இருந்தது. அப்பா பொய் சொன்னதைவிட நான் பந்தியில் வைத்து உண்மையைச் சொன்னது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கேலி செய்தார்கள். நான் போய் டீச்சரைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

அத்தை பயந்ததுபோல ஊர் சிரித்தது. கொஞ்ச நாள்தான். பிறகு முல்லைப்பெரியாறு, திராட்சை விலை என்று அவர்களுக்குப் பேச வேறு விஷயங்கள் வந்துவிட்டன. இதற்காகத்தான் ஒரு மனுஷன் தன் அப்பாவின் சாவுக்கு வராமல் ஆண்டிபட்டியிலிருந்து திரும்பிப் போனார்.

அவர் அதன்பிறகு ஒளிக்காமல் வந்தார். பொங்கலுக்கு வருவார், மகளைப் பார்ப்பார், அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பார். எனக்கும் அவருக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. இரண்டாயிரத்துப் பத்தில் யார்டை மூடப்போவதாகச் சொன்னார்கள் என்று கிளம்பி வந்தார். பேக்கிங் ஷெட் வாசலில் வந்து நின்றார். கண்ணாடி தடிமனாகியிருந்தது.

"இங்கனயே வந்து இருந்துரலாம்னு பாக்குறேன்" என்றார். "தோட்டத்துல ஏதாச்சும் செஞ்சுக்கிட்டு."

"அது உங்க வீடு. வந்து இருங்க. அத்தை சந்தோசப்படுவாக."

"நீ?"

"நான் சின்னமனூர்ல வீடு பார்த்துட்டேன். புள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம், எனக்கும் ஷெட்டு பக்கம். வர்ற மாசம் போறோம்."

"அவ்வளவு பெரிய தப்பா செஞ்சுட்டேன்? குடிக்கல, இன்னொருத்தி பின்னாடி போகல. சம்பாதிச்சதையெல்லாம் உங்களுக்குத்தான் அனுப்புனேன்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது. "நீங்க போன்ல கப்பல் ஆடுதுன்னு சொன்னா, இந்நேரம் என்ன பாடுபடுறீகளோன்னு எனக்குச் சோறு எறங்காது. அப்படி யாருக்காக நான் தவிச்சேன்னு சொல்லுங்க."

அவர் ரோட்டைத் தாண்டிக் கம்பம் பஸ்ஸுக்குப் போனார். பஸ்ஸின் போர்டு தெரியாமல் கண்டக்டரிடம் கேட்டு ஏறினார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்த மாதம் நானும் மகளும் சின்னமனூருக்குக் குடிபோனோம். சாமான்களை ஏற்றக் கொழுந்தன் டிராக்டர் கொண்டுவந்தார்.